உறங்காத டிஸ்க்குகள்: செட்டிநாட்டு வீடொன்றின் நாஸ் பெட்டி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் பழைய வீட்டில் எழுபதைக் கடந்த ஐயாவும் ஆச்சியும் மட்டும் குடியிருக்கிறார்கள். மகன்கள் இருவரும் சிங்கப்பூரில். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்றால்தான் வீடு நிறையும்.

வீட்டின் நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு வலையில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் சிறு கணினியை, மூத்த மகன் விடுமுறையில் வந்தபோது தாமே பாகங்கள் வாங்கிச் சேர்த்து அமைத்திருந்தார். சிறிய மதர்போர்டு, இயங்குதளத்துக்குச் சுழலும் தட்டு இல்லாத 128 ஜிபி எஸ்எஸ்டி, தரவுக்கு 4 டிபி நாஸ் வகை ஹார்ட் டிஸ்க் இரண்டு. டிஸ்க்குகள் ரெய்டு 1 முறையில், அதாவது இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையுடன் இணைக்கப்பட்டிருந்தன. டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட ஓபன்மீடியாவால்ட் 7 என்ற நாஸ் இயங்குதளம் அதில் ஓடியது. மின்சாரம் 12 வோல்ட் 5 ஆம்பியர் வெளி அடாப்டர் வழியாக வந்தது.

உள்ளே இருந்தவை எளிதில் திரும்பக் கிடைக்காதவை: ரங்கூன் காலத்துப் பேரேடுகளின் ஸ்கேன், மூன்று தலைமுறை இசைகுடிமானங்களின் (திருமண ஒப்பந்தப் பத்திரங்களின்) நகல், கல்யாண வீடியோக்கள், கைபேசிப் படங்கள். டிவியில் பார்க்க ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வர் ஒரு டாக்கர் கன்டெய்னரில், அதாவது மற்றவற்றிலிருந்து தனித்து ஓடும் உறையில், இயங்கியது. சிங்கப்பூரிலிருந்து மகன்கள் வயர்கார்ட் என்ற பாதுகாப்பான இணையப் பாதை வழியே உள்ளே வருவார்கள்.

பெட்டி இருந்த இடம் வளவை ஒட்டிய அறையின் சுவரலமாரி. தேக்குக் கதவு எப்போதும் மூடியிருக்கும். இந்த வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் அகலமானது; வைஃபை ஓர் அறை தாண்டினாலே தளர்ந்துவிடும். சுவரைத் துளைக்க வீட்டார் சம்மதிக்கவில்லை, அது நியாயமும்கூட. அதனால் ரூட்டர் இருந்த அறையிலேயே பெட்டியும் இருந்தது. ஆச்சி படுப்பது அதே அறையில்.

புகார்

2025 ஏப்ரல் இறுதியில் பராமரிப்பாளரை அழைத்தார்கள். ஐயாவின் கவலை இன்வெர்ட்டரும் சூடும். அலமாரியைத் திறந்தால் அனல் அடிக்கிறது, கரண்ட் போனால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்றார். ஆச்சியின் புகார் வேறு.

"தம்பி, ராத்திரி கண் அசர்ற நேரம் பார்த்து கிர்ர்னு கிளம்புது. கொஞ்ச நேரத்துல அடங்குது. மறுபடி கிளம்புது."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை ஆச்சி?"

"அரை மணிக்கு ஒருக்க. மணி பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன்."

அமைப்புப் பக்கத்தில் டிஸ்க் உறக்க நேரம் 20 நிமிடம் என்று ஏற்கெனவே குறித்திருந்தது. முன்பு யாரோ ஏபிஎம் என்ற மின்சிக்கன அளவையும் 1-க்கு இறக்கியிருந்தார்கள். அமைப்பு சரியாக இருக்கிறது, ஆனால் டிஸ்க் உறங்குவதில்லை; அதனால் டிஸ்க் பழுது, மாற்றிவிடலாம் என்று மகனிடம் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு புது டிஸ்க்குக்கு விலையும் விசாரித்து வைத்திருந்தார்கள்.

டிஸ்க் தானாக விழிப்பது மிக அரிது. யாரோ ஒருவர் கேட்பதால்தான் விழிக்கிறது. அந்த யாரோ யார் என்று தெரியாமல் டிஸ்க்கை மாற்றினால் புது டிஸ்க்கும் அப்படியேதான் விழித்திருக்கும்.

கை வைக்கும் முன் எடுத்த பதிவு

எந்த அமைப்பையும் மாற்றாமல் முதலில் இரண்டு நாள் பதிவு எடுக்க முடிவானது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு விவரங்களை எழுதும்.

ஒன்று, டிஸ்க் சுழல்கிறதா, நின்றிருக்கிறதா என்பது. எச்டிபார்ம் கட்டளையைப் பெரிய 'சி' தெரிவோடு கொடுத்தால் 'ஆக்டிவ்/ஐடில்' அல்லது 'ஸ்டாண்ட்பை' என்று பதில் வரும். இந்தக் கேள்வி உறங்கும் டிஸ்க்கை எழுப்பாது. டிஸ்க்கின் தட்டுகள் நின்றிருந்தாலும் அதன் மின்பலகை பதில் சொல்லிவிடும்.

இரண்டு, ப்ராக் கோப்புறையில் உள்ள டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பின் எண்கள். டிஸ்க்கிலிருந்து எத்தனை முறை படிக்கப்பட்டது, எத்தனை முறை எழுதப்பட்டது என்று இயங்குதளத்தின் மையமான கர்னல் எண்ணி வைப்பது அங்கேதான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் பாதி விடை இருக்கிறது. டிஸ்க் விழித்திருக்கிறது, படிப்பு எழுத்து எண்களும் ஏறியிருக்கின்றன என்றால் ஏதோ ஒரு நிரல் கோப்பைத் தொட்டிருக்கிறது. டிஸ்க் விழித்திருக்கிறது, ஆனால் எண் ஒன்றுகூட நகரவில்லை என்றால் கோப்பை யாரும் தொடவில்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் கேட்கும் ஸ்மார்ட் கட்டளை போன்ற ஒன்று நேரே டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. அந்தக் கட்டளைகள் டிஸ்க்ஸ்டாட்ஸ் கணக்கில் வருவதில்லை. இரண்டுக்கும் தேடும் இடம் வேறு, மருந்தும் வேறு.

பதிவுக் கோப்பை எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரவு டிஸ்க்கிலேயே எழுதினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் கையாலேயே அதை எழுப்பிக்கொண்டிருப்போம். விடை கிடைக்காமல் வாரக்கணக்கில் அலைபவர்களில் பலருக்கு இதுவே காரணம்.

பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும் ஸ்மார்ட் பட்டியலில் சில எண்கள் குறித்துக்கொள்ளப்பட்டன: 4-ஆம் எண் (தொடக்க–நிறுத்த எண்ணிக்கை), 193 (தட்டில் படித்து எழுதும் முனையான ஹெட் ஒதுங்கிய எண்ணிக்கை), 194 (வெப்பம்), பழுதைக் காட்டும் 5, 197, கேபிள் வழித் தவறைக் காட்டும் 199. கடைசி மூன்றும் இரண்டு டிஸ்க்கிலும் பூஜ்யம். டிஸ்க் பழுது என்ற பேச்சு அங்கேயே ஓய்ந்தது.

இரண்டு நாள் பதிவு காட்டியது இது. காலை 6 முதல் இரவு 11 வரை டிஸ்க்குகள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரவு 11 முதல் காலை 6 வரை ஒவ்வொரு அரை மணியிலும் 20 நிமிடம் சுழற்சி, 10 நிமிடம் உறக்கம். ஏழு மணி நேரத்தில் 14 முறை எழுந்திருந்தன. ஆச்சி சொன்ன கணக்கு சரி. பிற்பகல் மூன்று மணிக்கு டிஸ்க் வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். முதல் டிஸ்க்கில் மட்டும் 193-ஆம் எண் ஒரே நாளில் அறுநூறுக்கு மேல் ஏறியிருந்தது.

முதல் காரணம்: நலம் விசாரித்த ஸ்மார்ட்

இரவு விழிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டிஸ்க்ஸ்டாட்ஸ் எண்கள் அசையவே இல்லை. ஓபன்மீடியாவால்டின் ஸ்மார்ட் பக்கத்தைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. சோதனை இடைவெளி 1800 வினாடி, அதாவது அரை மணி. 'பவர் மோட்' என்ற இடத்தில் 'நெவர்' என்று இருந்தது. டிஸ்க் எந்த நிலையில் இருந்தாலும் சோதனையைத் தவிர்க்காதே என்பது அதன் பொருள். டிஸ்க் 20 நிமிடத்தில் உறங்கும்; அடுத்த பத்தாவது நிமிடம் ஸ்மார்ட் வந்து எழுப்பும்.

உறக்க நேரம் 20 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடத்துக்கு மேல் இருந்திருந்தால் இரவு முழுக்கச் சுழன்றுகொண்டே இருந்திருக்கும், ஆச்சிக்குச் சத்தம் பழகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குறைந்த நேர அளவு வைத்ததால்தான் நிலைமை மோசமானது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஓயாமல் சுழல்வது கெடுதல் அல்ல. நாஸ் வகை டிஸ்க்குகள் நாள் முழுக்கச் சுழல்வதற்கென்றே செய்யப்படுபவை. அரை மணிக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்புவதுதான் கெடுதல்.

'நெவர்' என்பதை 'ஸ்டாண்ட்பை' என்று மாற்றியதும் உறங்கும் டிஸ்க்கை ஸ்மார்ட் எழுப்புவது நின்றது. விழித்திருக்கும்போது சோதனை வழக்கம்போல நடக்கும். சோதனையையே அணைத்துவிடலாம் என்று மகன் யோசனை சொன்னார். அது ஏற்கப்படவில்லை. பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில், டிஸ்க் கெடுவதை முன்கூட்டிச் சொல்ல இருக்கும் ஒரே வழி அந்தச் சோதனையும் அது அனுப்பும் மின்னஞ்சலும்தான்.

அதே வேளையில் முதல் டிஸ்க்கின் ஏபிஎம் அளவு 1-லிருந்து 127-க்கு உயர்த்தப்பட்டது. அளவு 1 என்றால் டிஸ்க் மின்சிக்கனத்தின் கடைசிக்கே போகும். சில நொடி வேலையில்லை என்றாலும் ஹெட்டை ஒதுக்கி நிறுத்திவிடும். டிஸ்க்குகளின் ஹெட் ஒதுங்கும் ஆயுளை உற்பத்தியாளர்கள் பொதுவாக 3 லட்சம் முதல் 6 லட்சம் முறை வரை குறிப்பிடுகிறார்கள். நாளுக்கு அறுநூறு என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்தைத் தாண்டும். இரண்டாம் டிஸ்க் ஏபிஎம்மை ஏற்காத வகை. அதனால்தான் அது தப்பித்தது.

மறுநாள் இரவு பதிவு சுத்தமாக இருந்தது, ஒரே ஒரு விழிப்பைத் தவிர. பின்னிரவு 2.40-க்கு ஜெல்லிஃபின் படத் தொகுப்பை அலசியிருந்தது. அதன் இயல்பு அமைப்பு 12 மணிக்கு ஒருமுறை அலசுவது. தினமும் இரவு 9.30 மணிக்கு ஒருமுறை போதும் என்று மாற்றப்பட்டது.

பகல் விழிப்பு: இடம் மாறிய கன்டெய்னர்

பகலில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எனவே இது கோப்பைத் தொடும் வேலை. எந்த நிரல் டிஸ்க்கைத் தொடுகிறது என்று காட்டும் ஐஓடாப் நிரலைக் கூட்டுத்தொகை காட்டும் முறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டதில் பட்டியலின் உச்சியில் 'ஜேபிடி2' என்ற பெயர் வந்தது.

இங்கே பலர் தடம் மாறுகிறார்கள். ஜேபிடி2 என்பது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் நாட்குறிப்பை எழுதும் கர்னல் வேலையாள். வேறொருவர் எழுதியதைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. அதை நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் கூடாது. அதற்கு முன்பாக யார் எழுதினார்கள் என்று பட்டியலில் கீழே தேட வேண்டும். தேடியதில் கிடைத்தது ஜெல்லிஃபின்.

கன்டெய்னர் அமைத்தபோது அதன் அமைப்புக் கோப்புறையும் தரவுத்தளமும் இடம் நிறைய இருக்கிறதே என்று 4 டிபி டிஸ்க்கில் வைக்கப்பட்டிருந்தன. டிவியில் அந்தச் செயலி காலையில் திறந்தால் இரவு வரை திறந்தே கிடக்கும். யாரும் எதையும் பார்க்காவிட்டாலும் செயலி அவ்வப்போது சர்வரைத் தொடும். சர்வர் கடைசித் தொடர்பின் நேரத்தைத் தரவுத்தளத்தில் குறிக்கும். சில பைட் எழுதுவதற்காக இரண்டு டிஸ்க்கும் சுழன்றுகொண்டிருந்தன.

கன்டெய்னரை நிறுத்தி, அமைப்புக் கோப்புறையை உரிமைகள் மாறாமல் ஆர்சிங்க் என்ற நகல் நிரல் மூலம் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, இணைப்புப் பாதையை மாற்றி, மறுபடி தொடங்கினார்கள். டாக்கரின் சொந்தக் கோப்புறையும் எஸ்எஸ்டிக்குப் போனது. வீடியோக்கள் மட்டும் பெரிய டிஸ்க்கில், படிக்க மட்டும் அனுமதியோடு இருந்தன. சுவரொட்டிப் படங்கள், சிறு படங்கள் எல்லாம் எஸ்எஸ்டியில் இருப்பதால் டிவியில் பட்டியலைப் புரட்டும்போதும் டிஸ்க் விழிக்காது. ஒரு வீடியோவை ஓடவிட்டால்தான் விழிக்கும். பழைய கோப்புறையை ஒரு வாரம் பெயர் மாற்றி வைத்திருந்து பிறகே அழித்தார்கள்.

தரவுப் பகிர்வின் மவுண்ட் தெரிவுகளில் 'நோஏடைம்' சேர்க்கப்பட்டது. இல்லாவிட்டால் ஒரு கோப்பைப் படித்தால்கூட, படித்த நேரத்தைக் குறிக்கச் சில வேளைகளில் ஓர் எழுத்து பின்னால் வரும். ரெய்டு 1-இல் இதற்குக் கூடுதல் விலை உண்டு: படிப்பதற்கு ஒரு டிஸ்க் விழித்தால் போதும், எழுத இரண்டும் விழித்தாக வேண்டும்.

காலை வணக்கப் படங்கள்

இப்போது டிஸ்க்குகள் பகலிலும் உறங்கின. ஆனால் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே பதினோரு முறை எழுந்தன. எழுத்து எண் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஏறியது. அளவோ சிறியது, சில நூறு கேபி.

எந்தக் கோப்பை எந்த நிரல் தொடுகிறது என்று காட்டும் ஃபாட்ரேஸ் நிரலை நேர முத்திரையோடு, தரவுப் பகிர்வில் நடப்பதை மட்டும் பதியும்படி, காலை முழுக்க ஓடவிட்டார்கள். அதன் வெளியீட்டையும் எஸ்எஸ்டிக்கே திருப்பினார்கள். பதிவில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரி: விண்டோஸ் பகிர்வைக் கவனிக்கும் சாம்பா நிரல், ஆச்சியின் கைபேசிக் கோப்புறை, அதற்குள் வாட்ஸ்அப் படங்கள், புதிதாக ஒரு ஜேபெக். நேரம் 6.12, 6.38, 7.05 என்று போயிற்று.

ஒவ்வொன்றும் ஒரு காலை வணக்கப் படம். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார், ரோஜா, காப்பிக் கோப்பை. சொந்தபந்தங்களின் குழுக்களில் விடியற்காலை தொடங்கி வந்தபடி இருக்கும். கைபேசியின் காப்புச் செயலி புதுப் படம் வந்த கணமே நாஸுக்கு அனுப்பும்படி மகன் அமைத்திருந்தார். பேரப்பிள்ளைகளின் படம் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

வாட்ஸ்அப் கோப்புறையைக் காப்பிலிருந்து எடுத்துவிடுவது எளிய வழி. ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரிலிருந்து பேத்தி படம் வருவதும் அதே வழியாகத்தான். ஆகவே எஸ்எஸ்டியில் 'வரவு' என்று ஒரு கோப்புறை உருவாக்கி, கைபேசிகள் இரண்டும் அங்கே அனுப்பும்படி மாற்றினார்கள். இரவு 9.15-க்கு ஓர் ஆர்சிங்க் வேலை அங்குள்ளதைப் பெரிய டிஸ்க்குக்கு நகர்த்தும். நகல் முடிந்த கோப்பை மட்டுமே மூலத்திலிருந்து நீக்கும்படி தெரிவு கொடுக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு: இரவு வரை அந்தப் படங்கள் ஒரே எஸ்எஸ்டியில் தனியாக இருக்கும். அனுப்பிய பின் கைபேசியிலிருந்து அழிக்கும் வசதி செயலியில் அணைத்து வைக்கப்பட்டதால் மூலம் கைபேசியில் இருக்கிறது. அந்த வசதியை இயக்கியிருந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது.

நேர அளவைத் தீர்மானித்த விதம்

மூன்று காரணங்களும் நீங்கியபின், 20 நிமிடம் சரியா என்ற கேள்வி வந்தது. பதிவைப் பார்த்தால் மாலை 5.30 முதல் 8 வரை ஐயா பேரேட்டு ஸ்கேன்களைத் திறந்து பார்க்கிறார், பழைய கல்யாண வீடியோ பார்க்கிறார், நடுவே எழுந்து போகிறார். இடைவெளிகள் 25 முதல் 40 நிமிடம் வரை. இருபது நிமிடம் வைத்தால் ஒரு மாலையிலேயே நான்கைந்து முறை நின்று கிளம்பும். ஒவ்வொரு முறையும் டிவி பத்து விநாடிக்கு மேல் காத்திருந்து பிழை காட்டும். ரெய்டு 1-இல் இன்னொரு தொல்லையும் சேரும்: முதல் படிப்பு ஒரு டிஸ்க்கை எழுப்பும், அடுத்த படிப்பு இன்னொரு டிஸ்க்குக்குப் போய் அதை எழுப்பும். காத்திருப்பு இரண்டு தவணையாக வரும்.

ஆகவே உறக்க நேரம் 60 நிமிடமாக உயர்த்தப்பட்டது. எச்டிபார்ம் கணக்கில் இது 242. அந்த எண்களின் முறை குழப்பமானது: 1 முதல் 240 வரை ஐந்து ஐந்து விநாடிகளாகக் கூடும், எனவே 240 என்றால் 20 நிமிடம், 241-இலிருந்து அரை அரை மணியாகக் கூடும். கையால் கட்டளை கொடுப்பவர் 60 நிமிடம் என்று நினைத்து 60 என்று போட்டால் 5 நிமிடத்தில் டிஸ்க் நின்றுவிடும். அமைப்புப் பக்கத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதே நல்லது. டிஸ்க் மின்சாரம் இழந்தால் இந்த அளவை மறந்துவிடும். அமைப்புப் பக்கத்தில் குறித்திருந்தால் பெட்டி தொடங்கும்போது மறுபடி அமர்த்தப்படும்.

வேறு இரண்டு யோசனைகள் தள்ளப்பட்டன. மணிக்கு ஒருமுறை கிரான் வழியே டிஸ்க்கைக் கட்டாயமாக நிறுத்துவது ஒன்று. வேலை நடக்கும்போதும் நிறுத்தும், அடுத்த நொடி திரும்பக் கிளம்பும் என்பதால் வேண்டாம் என்றானது. இன்னொன்று 'ஸ்லீப்' எனும் ஆழ்ந்த நிலை. அதிலிருந்து டிஸ்க்கை மீட்க இணைப்பையே ரீசெட் செய்ய வேண்டும். ரெய்டு தொகுதியில் உள்ள டிஸ்க்குக்கு அது ஆபத்து. வீட்டு நாஸுக்கு 'ஸ்டாண்ட்பை' போதும்.

கேமரா பதிவையும் இதே பெட்டியில் போடலாமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்று சொல்லப்பட்டது. நான்கு கேமரா எழுதிக்கொண்டே இருக்கும் டிஸ்க்குக்கு உறக்கம் என்ற பேச்சே இல்லை. கேமராவின் ரெக்கார்டரில் தனி டிஸ்க் ஏற்கெனவே இருந்தது; அது அங்கேயே இருக்கட்டும்.

விழிக்கும் நேரத்தில் வந்த கோளாறு

மே நடுவில், எல்லாம் சீரான பிறகு, கர்னல் பதிவில் ஒரு பிழை வந்தது. இரவு 9.15 வேலை தொடங்கிய நொடியில் இரண்டாம் டிஸ்க்கின் சாட்டா எனும் தரவு இணைப்பு உறைந்து, ரீசெட் ஆகி, திரும்ப வந்திருந்தது. ரெய்டு கலையவில்லை. 199-ஆம் எண் இன்னும் பூஜ்யத்தில் இருந்ததால் கேபிள் மீது சந்தேகம் குறைந்தது. அதே நேரத்தில் மறுநாளும் வந்ததால் தற்செயல் என்று விட முடியவில்லை.

முன்பு டிஸ்க்குகள் ஸ்மார்ட் கேட்டபோது ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இப்போது அந்த வேலை எழுதும் வேலை என்பதால் இரண்டும் ஒரே நொடியில் எழுகின்றன. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் பாதையில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; சுழன்ற பிறகு அதில் சிறு பங்கே போதும். இரண்டு டிஸ்க் சேர்ந்தால் 4 ஆம்பியர், அதன்மேல் மதர்போர்டு. 5 ஆம்பியர் அடாப்டர் புதிதாக இருந்தால் தாங்கும். இது மூடிய அலமாரியின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த அடாப்டர்.

மல்டிமீட்டரைக் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் முறையில் வைத்து, டிஸ்க்கின் மின் இணைப்பில் 12 வோல்ட் பாதை அளக்கப்பட்டது. சாதாரணமாக 11.9. இரண்டும் ஒன்றாக எழும்போது 10.5. டிஸ்க்குகள் 12 வோல்ட்டில் பொதுவாக 10 சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும், அதாவது 10.8 வரை. சாதாரண மீட்டர் மெதுவானது. உண்மையான சரிவு இதைவிட ஆழமாகவே இருந்திருக்கும்.

12 வோல்ட் 8 ஆம்பியர் அடாப்டர் வாங்கப்பட்டது. பின்னின் அளவும், நடுமுனை நேர்மின் என்பதும் பழையதோடு ஒத்துப்பார்க்கப்பட்டன. கூடவே 9.14-க்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் சேர்ந்தது: முதல் டிஸ்க்கில் ஓர் இடத்தை, கணினி நினைவகத்தில் உள்ள நகலை (கேஷ்) தவிர்த்து, நேரடியாகப் படிக்கும், 20 விநாடி கழித்து இரண்டாம் டிஸ்க்கில் படிக்கும். படிக்கும் இடம் ஒவ்வொரு நாளும் மாறும். ஒரே இடத்தைக் கேட்டால் டிஸ்க் தன் உள்நினைவிலிருந்தே பதில் சொல்லிவிட வாய்ப்புண்டு. பிழை அதன்பின் வரவில்லை.

இன்வெர்ட்டர் பிரச்சினை தனி. கரண்ட் போகும்போது பெட்டி அணைந்து எழுவது பதிவில் தெரிந்தது. இன்வெர்ட்டரின் பின்புற ஸ்விட்ச் சாதாரண முறையில் இருந்தது. யுபிஎஸ் முறைக்கு மாற்றியதும் மாறும் நேரம் குறைந்து பெட்டி அணையாமல் நின்றது. யுபிஎஸ் முறை தாழ் மின்னழுத்தத்தை ஏற்காது, விரைவில் பேட்டரிக்குத் தாவும். அந்தத் தெருவில் மாலையில் மின்னழுத்தம் இறங்குவதுண்டு என்பதால் ஒரு வாரம் கவனித்துவிட்டே அப்படியே விடப்பட்டது.

விளைவு

ஜூலை இறுதியில் பதிவைத் திரும்பப் பார்த்தார்கள். டிஸ்க்குகள் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை கிளம்புகின்றன. பெரும்பாலும் மாலை நேரம், இரவு 9.15 வேலை, எப்போதாவது சிங்கப்பூரிலிருந்து வரும் வருகை. நாளில் சுமார் 15 மணி நேரம் உறக்கம். முதல் டிஸ்க்கின் 193-ஆம் எண் நாளுக்குப் பத்துக்குள் அடங்கியது. அலமாரிக் கதவு நான்கு விரல் அகலம் திறந்தே வைக்கப்படுகிறது. விழித்திருக்கும்போது வெப்பம் 43, உறக்கத்தில் 38.

மின்சாரம் குறித்து நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிளக்கில் வைத்த அளவியில் டிஸ்க்குகள் சுழலும்போது 22 வாட், நின்றபின் 13 வாட். நாளுக்கு 15 மணி நேரம் 9 வாட் மிச்சம் என்றால் இரண்டு மாத பில்லில் 8 யூனிட். ஒரு பழைய ஃபேனை மாற்றினால் இதைவிட அதிகம் மிச்சமாகும். இன்வெர்ட்டர் பேட்டரி இறங்குவதற்கும் இந்தப் பெட்டி பெரிய காரணம் அல்ல என்று ஐயாவிடம் கணக்கோடு சொல்லப்பட்டது. பேட்டரியின் வயதைப் பார்க்கச் சொன்னார்கள். டிஸ்க் உறக்கத்தின் உண்மையான பலன் சூடு குறைந்ததும், ஆச்சி தூங்க முடிந்ததும்தான். புது டிஸ்க் வாங்கும் செலவும் தவிர்ந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியளவில், டிஸ்க்குகள் எழுந்து காலை வரை ஓடுகின்றன. டெபியனின் ரெய்டு சரிபார்ப்பு அது. 4 டிபி முழுவதையும் படித்து இரண்டையும் ஒப்பிட எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அதை நிறுத்தவில்லை. என்றைக்கு வரும் என்று ஆச்சியிடம் சொல்லி, நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தார்கள்.

இதேபோன்ற வீட்டில் மாற்றிச் செய்ய வேண்டியவை

புதிதாக அமைக்கும்போதே கன்டெய்னர், பதிவுக் கோப்புகள், கைபேசி வரவு மூன்றையும் எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். பின்னால் நகர்த்துவது முடியும், ஆனால் உரிமைகள் சிக்கலாகும். இதற்கு 128 ஜிபி குறைவு. ஜெல்லிஃபினின் சிறு படங்களே பல ஜிபிக்குப் போகும். 256 ஜிபி வேண்டும்.

உறக்கத்தை அமைக்கும் முன்பே அடாப்டரை அளக்க வேண்டும். நாள் முழுக்கச் சுழலும் பெட்டியில் பலவீனமான அடாப்டர் தெரியவே தெரியாது, ஏனென்றால் டிஸ்க் கிளம்புவது பெட்டியைத் தொடங்கும் ஒரு முறை மட்டும்தான். உறக்கம் வந்தபின் அது தினமும் சோதிக்கப்படுகிறது. இரண்டு டிஸ்க்குக்கு 12 வோல்ட் 7 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். அடாப்டர் அலமாரிக்கு வெளியே இருக்கட்டும்.

மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நாள் விட்டது பயன் தந்தது. ஸ்மார்ட்டோடு சேர்த்து ஏபிஎம்மையும் அன்றே மாற்றியது மட்டும் தனித்தனியாக நடந்திருக்க வேண்டும். இரண்டின் விளைவும் வேறு வேறு எண்ணில் தெரிந்ததால் இங்கே குழப்பம் வரவில்லை. எப்போதும் அப்படி அமையாது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தீபாவளிக்கு மகன்கள் குடும்பத்தோடு வரும்போது ஆறேழு கைபேசிகளும் இரண்டு லேப்டாப்பும் வலையில் சேரும். அவற்றின் காப்புச் செயலிகள் இன்னும் பழைய பகிர்வையே காட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் வருவதற்கு முன் அந்தப் பகிர்வைப் படிக்க மட்டும் என்று மாற்றி, 'வரவு' கோப்புறையின் முகவரியை அனுப்பிவிடுவதாக மூத்த மகன் ஏற்றிருக்கிறார். ஐந்து நிமிடப் பதிவு அதுவரை ஓடிக்கொண்டிருக்கும்.